அட்ரினலும் நானும்

(பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். விலங்கியல் பாடம் நடத்துகிறவன். எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வருகிறவன். நாளமில்லாச் சுரப்பிகளைக் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேன். அந்தப் படம் என்னைப் பற்றியதும்தான் என்பது தாமதமாகவே உறைத்தது.

தேர்ச்சி விழுக்காடு குறித்த கூட்டம் ஒன்று முடிந்து வெளியே வந்த அன்று என் அழுத்தம் 170/100. ஞாயிறன்று வீட்டில் 138/86. கருவி பழுது என்று எண்ணினேன். பழுதில்லை. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் வேலை அது. மனம் பதறிய நொடிகளிலேயே அவற்றின் உட்பகுதி அட்ரினலினை விடுகிறது, இதயம் விரைகிறது. நரம்பு முனைகளில் வெளிப்படும் நார்அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சில நிமிடங்களில், பிட்யூட்டரியின் கட்டளைப்படி, புறப்பகுதியிலிருந்து கார்டிசால் வருகிறது. அது குழாய்களின் சுருங்கும் தன்மையைக் கூட்டுகிறது. சிறுநீரகமோ ரெனினைச் சுரந்து, ஆல்டோஸ்டீரான் வழியாக உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். என் போன்றவர்களுக்குக் குழாய்ச் சுவர் ஏற்கெனவே தடித்திருப்பதால், அதே அளவு சுரப்பும் அழுத்தத்தைக் கூடுதலாக ஏற்றிவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள். கோடை விடுமுறை வந்தது. பள்ளி இல்லை, பதற்றம் இல்லை, மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னுடையது பீட்டா தடுப்பான் வகை மாத்திரை. அது அட்ரினலினை நிறுத்துவதில்லை; இதயத்தில் அட்ரினலின் வந்து பொருந்தும் ஏற்பிகளை அடைத்து வைக்கிறது. நாளடைவில் இதயம் அந்த ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென விட்டால் அத்தனையும் ஒருசேரத் திறந்துகொள்ளும். விடுமுறை நாளில் சுரக்கும் சிறிதளவு அட்ரினலினே அதற்குப் போதும். மருத்துவர் திட்டினார், என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

"எல்லாம் டென்ஷன்தான் சார், ரிட்டயர் ஆனால் சரியாகிவிடும்" என்று நம் ஓய்வறைகளில் சொல்லிக்கொள்கிறோம். உப்பும் உடல் எடையும் வயதும் பரம்பரையும் நம்மோடு ஓய்வு பெறுவதில்லை.

நாளை கருவியோடு வருகிறேன். தேநீர் இடைவேளைக்கு முன்பே வாருங்கள். காபி, தேநீர் குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கால் தரையில் படிய வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. நம்மவர்களுக்கு அதுதான் கடினம்!