ஏற்றுமதியின் கடிவாளம் யார் கையில்?

(புளியஞ்சோலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருப்பூரில் தைக்கும் பனியன் கப்பலேறுகிறது. சிறு பட்டறைக்காரர் ஏற்றுமதியில் இறங்கத் துணிச்சல் மட்டும் போதாது. நூல் விலை, வங்கிக் கடன், வெளிநாட்டு ஆர்டர் மூன்றும் கைகூட வேண்டும். மூன்றும் அவர் பிடியில் இல்லை.

2005 ஜனவரியில் உலக ஜவுளிக் கோட்டா ஒழிந்தது. சந்தை திறந்தது, போட்டியும் முற்றியது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியது.

ஆர்டர் நின்றால் பெருமுதலாளி வேறு நாடு தேடுவார். பட்டறைக்குப் பூட்டு விழும். பீஸ் ரேட் தொழிலாளி வெறுங்கையோடு ஊர் திரும்புவார். அவரைக் காட்டி வயல் கூலியையும் குறைப்பார்கள்!

ஆகவே, ஆலையும் வயலும் ஒன்றாகக் கேட்போம்: நட்டத்தைக் கூலியில் பிடிக்காதே! சிறு பட்டறைக்கு மலிவு நூலும் கடனும் கொடு!