வந்தவர்களை வைத்து ஆடிய நடனம்

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் பாலே நடனப் பதிவுகளைத் திரையிட்ட மாலையில், திரையிடலுக்கு முன் ஆற்றிய உரை)



இன்று மூன்று பாலே நடனங்களைப் பார்க்கப்போகிறோம். மூன்றுக்கும் இசை ஐரோப்பியச் செவ்வியல் இசை. மூன்றிலும் கதை கிடையாது. இப்படிப்பட்ட ஒரு நடனத்தை முதன்முதலில் பார்த்தபோது, யார் கதாநாயகி, யார் வில்லன் என்று தேடியே எனக்குப் பாதி நேரம் போய்விட்டது. உங்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

'ஸ்வான் லேக்' போன்ற பழைய பாலேக்களில் இளவரசன் உண்டு, மந்திரவாதி உண்டு. இருபதாம் நூற்றாண்டில் சில நடன அமைப்பாளர்கள் கதையை இறக்கி வைத்துவிட்டு, இசை எப்படி நகர்கிறதோ அதையே உடலால் காட்ட முயன்றார்கள். பரதநாட்டியத்தில் ஜதிஸ்வரம் பார்த்திருப்பீர்கள். அதில் பாடல் வரி இல்லை, ஸ்வரமும் அடவும்தான். அதை ரசித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

முதலில் யிரி கிலியான் அமைத்த 'பெத்தீத் மோர்'. மொசார்ட் இறந்து 200 ஆண்டுகள் ஆன 1991இல், சால்ஸ்பர்க் விழாவில் அரங்கேறியது. ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆறு மெல்லிய வாள்கள். தொடக்கத்தில் இசை வராது. ஸ்பீக்கரில் கோளாறு என்று யாரும் எழுந்து வர வேண்டாம். வாள் காற்றைக் கிழிக்கும் ஓசையைக் கேளுங்கள். பிறகு மொசார்ட்டின் இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களிலிருந்து மெதுவான பகுதிகள் வரும். கனமான கறுப்பு கவுன்களில் பெண்கள் நிற்பது போலத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த கவுன்கள் தனியாக உருண்டு போகும். குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இரண்டாவது, வில்லியம் ஃபோர்சைத் 1996இல் அமைத்தது. ஷூபர்ட்டின் ஒன்பதாம் சிம்பனியின் கடைசிப் பகுதிக்கு மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும் ஏறத்தாழ 11 நிமிடம் மூச்சு வாங்க ஆடுவார்கள். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க முயலாதீர்கள். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை தொடருங்கள். வயலின்களின் வேகம் அவர் காலில் தெரியும்.

மூன்றாவது 'செரனேட்'. மூன்றிலும் பழையது இதுதான். ஆனாலும் கடைசியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

இதை அமைத்தவர் ஜார்ஜ் பாலன்சின். ரஷ்யாவில் பயின்றவர். அமெரிக்காவுக்கு வந்து, 1934 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கிய பாலே பள்ளியில் கற்பித்தார். அந்த மார்ச் மாதம், சைக்காவ்ஸ்கி 1880இல் எழுதிய இசைக்கு, தன் மாணவிகளை வைத்து ஒரு நடனம் அமைக்கத் தொடங்கினார். முதல் நாள் 17 பேர் வந்தார்கள். சமமாகப் பிரித்து வரிசையில் நிறுத்த முடியாத எண் அது. அவர் 17 பேருக்கே அமைத்தார். அடுத்த வகுப்புக்கு 9 பேர் வந்தார்கள். 9 பேருக்கு அமைத்தார். இன்னொரு நாள் 6 பேர்தான். அன்றும் வேலை நடந்தது. ஒருத்தி தாமதமாக ஓடிவந்தாள். ஒருத்தி விழுந்து அழுதாள். இரண்டையும் நடனத்திலேயே சேர்த்துக்கொண்டார். அந்த ஜூன் மாதமே மாணவிகள் அதை ஆடிக் காட்டினார்கள். இன்று உலகின் பெரிய பாலே குழுக்கள் ஆடுகின்றன. முதல் பகுதி முடியும் நேரத்தில் ஒரு பெண் தாமதமாக வந்து, கை உயர்த்தி நிற்பவர்களுக்கு நடுவே தன் இடத்தைத் தேடுவாள். அவளைத் தவறவிடாதீர்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு விழாவுக்குக் குழு நடனம் வைக்க நினைத்தோம். 12 குழந்தைகள் பெயர் கொடுத்தார்கள். முதல் சனிக்கிழமை பயிற்சிக்கு 5 பேர், அடுத்த வாரம் 3 பேர். "எல்லோரும் வராமல் எப்படி நடத்துவது?" என்று நிகழ்ச்சியை ரத்து செய்தோம். அந்த முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன். சில நாள் கழித்து லிஃப்டில் ஒரு சிறுமி கேட்டாள்: "அங்கிள், நான் ரெண்டு வாரமும் வந்தேனே?" மூன்றாம் மாடி வந்துவிட்டது. பதில் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டேன்.

பெற்றோர்களைக் குறை சொல்லவில்லை. டியூஷன், பரீட்சை, ஊருக்குப் போவது எல்லாம் இருக்கத்தான் செய்யும். நியூயார்க்கிலும் ஆட்கள் வராமல்தான் இருந்தார்கள். வராதவர்களை நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்; பாலன்சின் வந்தவர்களை எண்ணினார்.

செயற்குழுவின் சம்மதத்தோடு சொல்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு இதே ஹாலில் இந்த ஆண்டு விழாவுக்கான பயிற்சி தொடங்குகிறது. மூன்று பேர் வந்தால் மூன்று பேர் ஆடும் நடனம், பத்து பேர் வந்தால் பத்து பேர் ஆடும் நடனம். தாமதமாகிவிட்டதே என்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள், உள்ளே வாருங்கள். அந்தச் சிறுமி இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். லிஃப்டில் சொல்லாத பதில் இதுதான், அம்மா.

விளக்குகளை அணைக்கலாம்.