புகையைக் கழுவிய கோபுரம்



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுதல் வழக்கம். எமக்கு முன் பேசிய பெரியோர்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டனர். ஆதலின் நாம் புகையைப் பற்றிப் பேச இசைவு வேண்டுகின்றோம். மங்கல நாளில் புகைப் பேச்சா என்று சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவது தெரிகின்றது. ஆலையின் புகைபோக்கி கக்குவது எந்தத் தெருவின் கூரைகளில் வந்து படிகின்றது என்பதை நம்மவர்க்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. அப்புகையை அடக்கும் கருவிகளைக் கண்டவர் யாவர், யாருடைய முறையீட்டுக்குப் பிறகு அவை ஆலைக்குள் நுழைந்தன என்பனவே இன்று நாம் கூற வந்தவை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவை உப்பிலிருந்து எடுத்தனர். லெபிளாங்க் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட முறை அது. உப்பின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றிச் சூளையில் காய்ச்சுவர். அப்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு வெண்புகையாய் எழும்பும். ஈரம் பட்ட இடமெல்லாம் அமிலமாகும். செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த மரங்கள் கருகின. ஆலை முதலாளிகள் கண்ட மாற்று யாது? புகைபோக்கியை உயர்த்தினர். கிளாஸ்கோ நகரில் ஓர் ஆலை 400 அடிக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியைக் கட்டிற்று. அதனால் அருகிலிருந்த நஞ்சு தொலைவிலுள்ளோர்க்கும் பங்கிடப்பட்டது, அவ்வளவே.

வில்லியம் காசேஜ் என்பவர் வேறு வழியில் சிந்தித்தார். உஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்டோக் பிரையர் என்னும் இடத்தில் அவருக்கு ஆலை இருந்தது. பயனற்றுக் கிடந்த காற்றாலைக் கோபுரம் ஒன்றினுள் முட்செடிகளையும் சுள்ளிகளையும் அடைத்தார். மேலிருந்து நீரைச் சொரியவிட்டுக் கீழிருந்து புகையைச் செலுத்தினார். 1836இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். துவைத்த வேட்டியைச் சுருட்டி வைத்தால் காய்வதில்லை. கொடியில் விரித்தால் நொடியில் காய்கின்றது. பரப்பின் வேலை அது. சுள்ளிதோறும் நீர் மெல்லிய படலமாய்ப் பரவ, ஏறிவரும் வாயு அப்பரப்பு முழுவதையும் தொட்டுக் கரைந்து போகின்றது. இன்று வேதியியல் ஆலைகளில் பீங்கான் வளையங்களும் நெகிழி வளையங்களும் நிரப்பிய கழுவு கோபுரங்கள் நிற்கின்றனவே, அவற்றின் பாட்டன் அந்தச் சுள்ளிக் கோபுரமே.

கருவி 1836இல் வந்தது. சட்டமோ 1863இல்தான் வந்தது. இடையே 27 ஆண்டுகள்! இளைஞர்கள் இந்த இடைவெளியைக் கருத்தில் இருத்த வேண்டும். டெர்பி பிரபு முதலிய நிலக்கிழார்களின் தோப்புகள் பட்டுப்போன பிறகே பிரபுக்கள் சபை 1862இல் குழு அமைத்து விசாரித்தது. அடுத்த ஆண்டு இயற்றிய காரச் சட்டம், அவ்வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்தாக வேண்டும் என விதித்தது. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் வேதியியலர் முதல் ஆய்வாளராக அமர்ந்தார். அவர் மிரட்டவில்லை; அளந்தார். அளவு கையில் இருந்தமையால் முதலாளிகளால் மறுக்க இயலவில்லை.

சுவருக்கு வெளியே மரம் தழைத்தது. சுவருக்கு உள்ளே? உப்புச் சூளையில் நின்றவர்களின் பற்கள் அமில ஆவியால் அரித்துப்போயின. பிடித்த அமிலத்தை முதலில் ஓடைகளில் விட்டனர். காற்றின் நஞ்சு நீருக்கு இடம் மாறிற்று. பிறகு வெல்டன், டீக்கன் என்போர் அதிலிருந்து குளோரினைப் பிரிக்கும் முறைகளைக் கண்டனர். அது வெளுப்புத் தூளாகித் துணி ஆலைக்கும் காகித ஆலைக்கும் விற்பனையாயிற்று. கழிவு காசாயிற்று என்று நூல்கள் மகிழ்கின்றன. அந்தத் தூளைப் பெட்டியில் அடைத்த கூலியாள் வாயில் கம்பளித் துணியைப் பல மடிப்பாகக் கட்டிக்கொண்டு, அதன் வழியே மூச்சு வாங்கினான். தோப்புக்காகப் பிறந்த சட்டம் அவனை எண்ணிப் பார்க்கவில்லை. சாக்கடைக்குள் இறங்கிய நம் முன்னோர் வாயில் துண்டைக் கட்டிய காட்சி இதனைப் படித்தபோது எம் நினைவுக்கு வந்தது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். நீரில் கரையும் வாயுவைக் கோபுரம் பிடிக்கும். நுண்ணிய தூசியையும் அமில மூடுபனியையும் பிடிப்பது எங்ஙனம்? மின்சாரத்தால் புகையைப் படிய வைக்கலாம் என்பது 1824 முதலே அறிந்த செய்தி. ஆலிவர் லாட்ஜ் 1880களில் வேல்ஸ் நாட்டின் ஈய ஆலை ஒன்றில் முயன்று தோற்றார். போதிய மின்சாரம் தரும் பொறி அன்று இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆசிரியர் பிரெடரிக் கார்ட்னர் காட்ரெல் அதனை வென்றார். மாற்று மின்னோட்டத்தை மின்மாற்றியால் உயரழுத்தமாக்கிச் சுழலும் இணைப்பான் ஒன்றால் ஒரே திசையில் பாயச் செய்தார். பருத்தி நூல் சுற்றிய கம்பியில், வெறுங்கம்பியில் காணாத ஓர் ஒளி நூலிழைகளின் நுனிதோறும் கசிவதைக் கண்டார். அக்கசிவு புகைத்துகளுக்கு மின்னூட்டம் தருகின்றது. மின்னூட்டம் பெற்ற துகள் எதிர்த் தகட்டை நாடி ஒட்டிக்கொள்கின்றது. தகட்டைத் தட்டினால் தூசி கீழே உதிரும். 1908இல் காப்புரிமை கிடைத்தது. ரிவர்சைடு என்னும் ஊரில் சிமெண்டுத் தூசி ஆரஞ்சுத் தோட்டங்களை மூடியபோது இக்கருவியே அதற்கு மருந்தாயிற்று. அங்கும் வழக்காடியவர் தோட்டக்காரர்களே என்பதைக் கவனிக்க.

காட்ரெல் செய்த அடுத்த செயல் நம்மைப் போன்ற சங்கத்தார் அறிய வேண்டியது. தம் காப்புரிமைகளால் குவியக்கூடிய செல்வத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 1912இல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நியூயார்க்கில் நிறுவி, அவற்றை அதனிடம் ஒப்படைத்தார். அவ்வருவாய் பிற அறிவியலரின் ஆய்வுக்கு நல்கையாயிற்று. திரவ எரிபொருள் ராக்கெட்டு கண்ட கோடார்டும், 1939இல் நோபல் பரிசு பெற்ற லாரன்சும் அந்நிதியின் துணை பெற்றவர்கள். புகைக்கூண்டில் பிடித்த தூசி அடுத்த தலைமுறையின் படிப்பாயிற்று. கையேந்திக் கையேந்தி உண்டியல் குலுக்கி இச்சங்கத்தை வளர்த்த மூத்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். காட்ரெலின் கருவி சாம்பலில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் பிடிக்கும். கந்தக டை ஆக்சைடு வாயுவைப் பிடிக்காது. புகைபோக்கியில் கரும்புகை இல்லாததைக் கண்டு காற்று தூயதென்று எண்ணிவிடலாகாது. அவ்வாயுவுக்குச் சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளிக்க வேண்டும்; அது ஜிப்சமாக மாறிச் சிமெண்டுக்குப் பயன்படும். லண்டனில் பாட்டர்சி மின்நிலையம் 1930களிலேயே புகையைக் கழுவியது. நம் நாட்டில் காற்றுச் சட்டம் 1981இல் வந்தது. அனல் மின்நிலையங்களின் கந்தக வாயுவுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தனர். காலக்கெடுவைப் பன்முறை நீட்டினர். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக வாயு நீக்கும் கருவியிலிருந்து விலக்கே அளித்துவிட்டனர். கருவி தெரியாமல் அன்று. இங்கிலாந்தின் 27 ஆண்டுகளை நாம் நினைவுகூர்வது இதனால்தான்.

நிலக்கிழார்க்கும் தோட்டக்காரர்க்கும் கிடைத்த செவி, புகைக்கடியில் வாழும் கூலிக்காரனுக்குக் கிடைக்குமா? 2010ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. பாதிக்கப்பட்ட எவரும் அதனை அணுகலாம். ஆயின் அங்கே கண்ணீரைவிட அளவுகோலுக்கே மதிப்பு மிகுதி. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்பார்கள். ஆலை தரும் அறிக்கையை நமக்காகப் படித்துக் குறை காட்டுபவர் யார்? ஆங்கஸ் ஸ்மித்தைப் போல் அளக்கத் தெரிந்தவர் நம் தெருவில் எத்தனை பேர்? தூசிப் பெட்டியை வழிக்க நம் பிள்ளைகளை அழைப்பார்கள். அளவு காட்டும் மேசையில் நம் பிள்ளைகள் அமர்ந்ததைக் காண்பது அரிதாயிருக்கின்றது.

சட்டமும் இலக்கியமும் பயில நம் சங்கத்துப் பிள்ளைகள் தயங்குவதில்லை, மகிழ்ச்சி. நம் நூலகத்தில் வேதியியல் நூல்கள் ஓர் அடுக்கைக்கூட நிரப்பவில்லை என்பதை நேற்று மாலை கண்டோம். விழா மிச்சப் பணத்தில் அவ்வடுக்கை நிரப்பவும், மாலை வகுப்புக்கு ஒரு தராசும் சில கண்ணாடிக் குழாய்களும் வாங்கவும் ஆட்சிக்குழு இசைய வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.