நாலாவது அடுப்பு வாங்கலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். நேரம் முடிந்தால் நானே ஷட்டரை இறக்கிவிடுவேன், கவலை வேண்டாம்.

எங்கள் வீட்டில் வெளியில் வைத்துச் சுடுகிற அடுப்பு மூன்று இருக்கிறது. ஒன்று அம்மா காலத்து இரும்புக் குமுட்டி. இன்னொன்று மாப்பிள்ளை 8,400 ரூபாய்க்கு வாங்கித் தந்த, மூடி போட்ட உருண்டைக் கரி கிரில். மூன்றாவது, தள்ளுபடி என்றதும் யோசிக்காமல் நானே 4,200 ரூபாய்க்கு வாங்கிய மின்சார கிரில். நாலாவதாக 24,000 ரூபாயில் ஒரு கேஸ் கிரில் வாங்கலாமா என்று பொங்கலிலிருந்து மனசு அரித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, வீட்டுக்குள்ள இருக்கிற அடுப்பையே நீங்க ஒழுங்கா பத்த வெச்சதில்ல. வெளியில நாலு எதுக்கு?" என்று கேட்டார் என் மனைவி. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நோட்டை எடுத்தேன்.

உருண்டை கிரிலை மூன்று வருடத்தில் 28 முறை பற்றவைத்திருக்கிறோம். ஒரு முறைக்கு 300 ரூபாய் விழுகிறது. மின்சார கிரிலைப் பயன்படுத்தியது இரண்டே முறை. தடவைக்கு 2,100 ரூபாய். அந்தப் பணத்துக்கு மாமல்லபுரம் போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து மீன் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். கேஸ் கிரில் வந்தால் வருடத்துக்கு ஆறு முறை, ஐந்து வருடத்தில் 30 முறை என்று வைத்தாலும் தடவைக்கு 800 ரூபாய். கேஸ் செலவு தனி. அதோடு, புதியது வந்தால் பழையது மூலைக்குப் போகும். அதன் கணக்கும் கெட்டுப்போகும்.

பி.காம். படித்தவர்களுக்கு ஆல்ஃபிரட் மார்ஷலை நினைவிருக்கும். ஒரே பொருள் கூடக்கூட, கூடுதலாக வருகிற ஒவ்வொன்றிலும் கிடைக்கிற பயன் குறைந்துகொண்டே போகும் என்பதை 1890-இல் வந்த தன் புத்தகத்தில் விளக்கினார். முதல் தோசையின் ருசி ஐந்தாவது தோசையில் இல்லை. அடுப்புக்கும் அதே விதிதான்.

ஆனால் ஆசைக்கு ஒரு காரணமும் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு கோவளத்திலிருந்து மீன் வாங்கி வந்து மொட்டை மாடியில் சுடுகிறோம். உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். சைவக் குடும்பங்கள் மீன் சுட்ட கம்பித்தட்டில் பனீரும் சோளக்கதிரும் வைக்கத் தயங்குகிறார்கள். அவர்கள் தயக்கம் சரியே. கடைசியில் யோசித்தால், தேவைப்பட்டது இன்னொரு கம்பித்தட்டு. இன்னொரு அடுப்பு இல்லை. 600 ரூபாயில் வேலை முடிந்தது. இப்போது சைவம் முதலில், அந்தத் தட்டில் மட்டும், அசைவம் பிறகு.

இந்த உருண்டை கிரிலுக்கு ஒரு கதை உண்டு. 1952-இல் அமெரிக்காவின் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் செய்துவந்த கடல் மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியில் கரியும் மேல்பாதி மூடியுமாக இதை உருவாக்கினார். கரியை ஒரு பக்கம் ஒதுக்கினால் அந்தப் பக்கம் நேரடிச் சூடு, மறுபக்கம் மிதமான சூடு. மூடியில் இருக்கும் காற்றுத் துளையைக் குறைத்தால் தீ அடங்கும். ஒரே அடுப்பில் சுடவும் முடியும், வேகவைக்கவும் முடியும். அதை முழுசாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாமல் நான் நாலாவதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கேஸில் சாம்பல் இல்லை, புகையும் குறைவு. உண்மைதான். ஆனால் 14.2 கிலோ கேஸ் அடைத்த சிலிண்டரை, அதன் சொந்த எடையோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோவை, யார் மாடிக்குத் தூக்குவது? சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தாழ்வான இடத்தில் தங்கும். பால்கனியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் கடைசி வீட்டுக் குழந்தைக்கு வீசிங் இருக்கிறது. நாங்கள் கரி பற்றவைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். ஒரு நாளும் அவர்கள் புகார் சொன்னதில்லை. மூன்று வருடம் கழித்து, போன மாதம்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. என் நோட்டில் ரூபாய் இருந்தது, இந்தக் கணக்கு இல்லை.

இன்னொரு தப்பும் என்னுடையது. ஒரு முறை இரவு பத்து மணிக்குச் சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். உள்ளே கனல் இருந்திருக்கிறது. காலையில் வாட்ச்மேன் அண்ணன் பார்த்தபோது தொட்டி பாதி உருகியிருந்தது. பக்கத்தில் ஸ்கூட்டர்கள். அவர் அன்று முகம் சுளிக்காமல் தண்ணீர் ஊற்றியதை மறக்க மாட்டேன். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இருவர், அறைக்குள் வைத்த பார்பிக்யூ கரி அடுப்பின் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழை வந்துவிட்டதென்று அடுப்பைப் படிக்கட்டுக்குள்ளோ ஹாலுக்குள்ளோ இழுக்கவே கூடாது.

மொட்டை மாடி யாருடைய தனிச் சொத்தும் இல்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமே அதைப் பொதுப் பகுதி என்கிறது. அதனால் சங்கத்திடம் நான் கேட்பது இவை. பால்கனியில் கரி அடுப்பு வேண்டாம். பின்பக்கச் சுவரோரம், ஜன்னல் எதுவும் பார்க்காத திறந்த மூலையில் ஒரே ஒரு பொது கிரில் இருக்கட்டும். வேண்டியவர்கள் பதிவேட்டில் எழுதி எடுக்கட்டும். முந்தின நாளே வாட்ஸப் குழுவில் சொல்லிவிடட்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். சாம்பலுக்கு மூடியுள்ள இரும்பு டின். ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, தண்ணீர் தெளித்துப் பிறகு கொட்டுவது.

அந்தப் பொது கிரிலுக்காகச் சந்தா வசூலிக்க வேண்டாம். எங்கள் உருண்டை கிரிலையும் இரண்டு கம்பித்தட்டையும் சங்கத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். மாப்பிள்ளையிடம் போனில் கேட்டுவிட்டேன். "தாராளமா குடுங்க மாமா, நான் வர்ற அன்னிக்கு மட்டும் முதல் ஆளா என் பேரை எழுதிடுங்க" என்றார். மின்சார கிரில் வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், இலவசம். அம்மாவின் குமுட்டி மட்டும் வீட்டில் இருக்கும். அதற்கு விலை போட நோட்டில் பத்தி இல்லை.

நாலு ஆக வேண்டியது ஒன்றாகிவிட்டது. அந்தக் கடைசி வீட்டு அம்மாவிடம், எந்த ஞாயிறு அவர்களுக்குச் சௌகரியம் என்று கேட்டுத்தான் முதல் தேதியை எழுதப் போகிறேன். ஒப்புதல் உள்ளவர்கள் தயவுசெய்து கை தூக்குங்கள்.