பாதை யாருடையது என்று கேட்டவர்களுக்கு

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் பிரதேச சபை உறுப்பினர்கள் சார்பில் ஆற்றிய உரை)



2025 மே 6ஆம் திகதி நீங்கள் வாக்களித்து எங்களைச் சபைக்கு அனுப்பினீர்கள். அதற்கு முன்பு, 2023 மார்ச் மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்மாரே சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் தெரு விளக்குக்கும் கானுக்கும் குப்பைக்கும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருந்தோம். இன்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆனால் வேலை நடந்ததா? அதற்குக் கணக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் பாதை. மேல் கணக்கிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் பாதையில் மழை பெய்தால் முச்சக்கர வண்டி ஏறாது. நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கி வருகிறோம். தோட்டத்தில் கேட்டால் “சபையிடம் போங்கள்” என்கிறார்கள். சபையில் கேட்டால் “அது தோட்டத்துப் பாதை” என்கிறார்கள். இரண்டு பக்கமும் நடந்து நமக்குச் செருப்புத்தான் தேய்ந்தது.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்கு நம்முடையது, சேவை மட்டும் நமக்கில்லை. பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் பிரிக்கப்பட்டு நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என ஆறாயின. ஆகவே “தோட்டத்துக்குள் சபை வர முடியாது” என்று இனி யாராவது சொன்னால், அது பழைய கதை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் சட்டம் திருந்தினால் மட்டும் கொங்கிரீட் விழாது. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போயின. நிலம் இன்றும் குத்தகையில்தான் இருக்கிறது. அதனால் வேலை தொடங்குமுன் நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தைக் கேட்கிறார்கள். நம் பாதைக் கோரிக்கை இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருக்கிறது. தேர்தல் நேரத்தில் “மூன்று மாதத்தில் முடிப்போம்” என்று சொன்னோம். முடியவில்லை. அது எங்கள் தவறு. கடிதத்தை முதலில் வாங்கிவிட்டு வாக்குறுதி கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது பணம். லயன் காம்பராவுக்கு உறுதியும் இல்லை, மதிப்பீட்டு வரியும் இல்லை. டவுன் கடைகளும் சந்தையும் தரும் வருமானத்தை எல்லாத் தோட்டங்களுக்கும் பங்கிட வேண்டும். எல்லாம் ஒரே வருடத்தில் நடக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். முதலில் நோயாளியும் பிள்ளைகளும் போகும் பாதை, பிறகு பீலிக்குப் போகும் வழியில் விளக்கு, அதன் பிறகுதான் மற்றவை. இந்த வரிசை சரியில்லை என்றால் இங்கேயே சொல்லுங்கள்.

குப்பை விஷயத்தில் நம் பக்கத்திலும் குறை இருக்கிறது. கானில் போடும் பொலித்தீன் ஓடைக்குப் போகிறது. அக்கரபத்தனைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவோடு சேர்ந்து, தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. கீழே இருப்பவர்களும் நம் மக்கள்தான். உக்கும் குப்பையை வீட்டுத் தோட்டத்துக்குப் போடுங்கள். மற்றதைப் பிரித்து வைத்தால்தான் “ட்ராக்டரை அனுப்புங்கள்” என்று சபையில் நாங்கள் அழுத்திக் கேட்க முடியும்.

உங்களிடம் மூன்று உதவி கேட்கிறோம். ஒன்று, பாதைக்கான கோரிக்கையில் எந்தச் சங்கம் என்று பார்க்காமல் எல்லாத் தலைவர்களும் கையெழுத்திடுங்கள். குழியில் விழுகிறவனிடம் எந்தச் சங்கம் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு, மாதக் கூட்டம் நடக்கும் நாளில் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் இரண்டு பேராவது வந்து உட்காருங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். மூன்று, கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையில் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

கடிதம் கிடைத்ததா இல்லையா என்பதை அடுத்த கூட்டத்தில் இதே இடத்தில் நின்று சொல்வோம். கிடைக்கவில்லை என்றால், அடுத்து என்ன செய்வது என்பதை நாம் எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம்.