மாவாக அரைத்துக் கொடுங்கள்

2002-ஆம் வருஷம். ஆப்பிரிக்காவின் தெற்கே ஜாம்பியா. மழை பொய்த்துப் போய், லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அப்போது அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்தது. அதில் மரபணு மாற்றிய சோளமும் கலந்திருந்தது. அதிபர் லெவி முவானவாசா, 'வேண்டாம்' என்றுவிட்டார்.

பசிக்கிற நேரத்தில் உணவை மறுக்கலாமா என்று பலரும் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் அந்தச் சோளத்தால் ஆபத்து வர வாய்ப்பில்லை என்றது. ஜாம்பியாவின் கவலை வேறு. அங்கே சோளக் களிதான் அன்றாடச் சாப்பாடு. தினமும் அதையே சாப்பிடுகிறவர்களுக்கு என்ன ஆகும்? முழுத் தானியத்தில் ஒரு பிடியை விவசாயி விதைத்துவிட்டால், மகரந்தம் காற்றில் பறந்து உள்ளூர் சோளத்தில் கலந்துவிடாதா?

பக்கத்து நாடான ஜிம்பாப்வே ஒரு வழி கண்டது. 'மாவாக அரைத்துக் கொடுங்கள்' என்றது. மாவு முளைக்காது, பசியும் ஆறும்!

மரபணு மாற்றிய உணவு நல்லதா, கெட்டதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பஞ்சம் வாசலில் நிற்கும்போது நிதானமாக ஆராய முடியாது. வயிறு நிறைந்திருக்கும் காலத்திலேயே, சொந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்து, விவசாயியையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும். தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைச் சாப்பிடுகிறவரும் சொல்ல வேண்டும் இல்லையா?