சினப் பட்டியலில் யாருடைய பெயர்?

(காடாம்புலியூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற பேருந்துகள் இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. தைப்பூசத்தன்று அவற்றில் நிற்கவும் இடம் இருக்காது. சத்திய ஞான சபையில் சோதி பார்த்தவர்கள் பலர் மேட்டுக்குப்பத்துக்கும் போவார்கள். 1870 முதல் வள்ளலார் தங்கியிருந்த ஊர் அது. 1874 சனவரியில் சித்திவளாகத்து அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். தனிமை, மௌனம் என்றதும் நம் பக்கத்து மக்களுக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். அதே வள்ளலார், ஒருவர் தம் அன்றாட நாளை எப்படி நடத்த வேண்டும் என்பதை ‘நித்திய கரும விதி’யில் விளக்கமாக எழுதியும் வைத்திருக்கிறார். அவர் சொன்ன கரண ஒழுக்கத்தில், பிறர் குற்றங்களைக் கிளறாமல் இருப்பதும் ஒன்று. ஆசிரியர் அறையில் அதைக் கடைப்பிடித்தால் மதிய இடைவேளையில் நமக்குப் பேச என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது அவருக்குப் பின் வந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த ஒரு முறையை. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கு அப்பால் ஆழியாறில் அமைத்த இடத்துக்கு அருட்பெருஞ்சோதி நகர் என்று வள்ளலாரின் சொல்லையே பெயராக வைத்தார். தியானம் சொல்லித் தருகிறவர்கள் பலர் உண்டு. இவர் அதோடு தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார். அகத்தாய்வு என்று பெயர். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என ஐந்து பாடங்கள். கடைசிக் கேள்வியை இன்று தொடப்போவதில்லை. நமக்கு உடனே வேண்டியது சினம்.

ஆழியாறில் மௌன நோன்பு இருந்திருக்கிறேன். பேச்சு இல்லை, கைபேசி இல்லை, சைகையும் கூடாது. அமைதி வந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லாரும் போகிறோம். வருவது வேறு. எப்போதோ சக ஆசிரியரோடு கால அட்டவணைக்காக நடந்த வாக்குவாதம் திரும்ப வரும். அன்று சொல்லாமல் விட்ட பதிலை மனம் இன்று சொல்லும். வகுப்பில் ஒரு குழந்தையைச் சொன்ன சொல் வரும். பள்ளி நாளின் மணியோசையில் இதெல்லாம் காதில் விழுவதில்லை. மௌனம் அதைக் கேட்க வைக்கிறது, அவ்வளவுதான். கேட்டதை என்ன செய்வது என்பதற்குத்தான் தாள் வேண்டும்.

சினத்துக்கான பயிற்சி எளிமையானது. நமக்கு யார் யார் மீது கோபம் வருகிறது, எத்தனை முறை, எதற்காக என்று எழுத வேண்டும். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, இவரிடம் இனிச் சினம் கொள்வதில்லை என்று உறுதி எடுத்துப் பழக வேண்டும். எல்லாரையும் ஒரே நாளில் எடுத்தால் ஒருவரிடமும் நடக்காது.

நாம் நேர்மையாக எழுதினால் பட்டியலில் ஒன்று புலப்படும். நம்மை உண்மையிலேயே வாட்டுகிற மேலதிகாரியின் பெயர் அதில் கீழே எங்கோ இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மேலே இருப்பவை வீட்டில் உள்ளவர்களின் பெயர்களும் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களும். திருப்பிப் பேச முடியாதவர்கள். கோபம் தன்னை மீறி வருகிறது என்கிறோமே, அப்படியானால் அது ஆள் பார்த்து வருவது எப்படி?

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு கீழே போய்விட்டது, நல்லது. நாக்கை எந்தச் சுற்றறிக்கையும் முழுதாகக் கண்காணிக்க முடியாது.

நம் பகுதிக்கே பொருந்தும்படி ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, கேட்டால் தலை குனிந்து நிற்கிறாள். ஆசிரியரின் தாளில் ஒரே வாரத்தில் அவள் பெயர் நான்கு முறை. பக்கத்தில் எழுதிய காரணம்: ‘திமிர்.’ நான்கு முறை எழுதும்போதுதான் அந்தச் சொல் காரணமே இல்லை, தீர்ப்பு என்று தெரியும். அப்போது, எழுதாததற்கு வேறு என்ன இருக்கலாம் என்ற கேள்வி வருகிறது. மறுநாள் அவள் கையைப் பார்க்கத் தோன்றும். முந்திரிக் கொட்டை உடைக்கும்போது கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன்பின் செய்ய வேண்டியது பெற்றோரோடும் தலைமை ஆசிரியரோடும் பேசுகிற வேலை. கோபத்துக்கு அதில் இடமில்லை.

கவலையையும் இப்படித்தான் பிரிக்கச் சொல்கிறார். அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மாறுதல் கலந்தாய்வு எந்த வகை, எமிஸ் பதிவேற்றம் எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் இருப்பவர்கள் மட்டும் இந்தத் தாளை நம்பியிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். அப்படிப்பட்ட நிலையில் பல நாள் மௌனமும் வேண்டாம்.

இன்னொன்று. இது நமக்கான பயிற்சி. வாயில் விரலை வைத்து உட்கார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதை யாரும் மௌன நோன்பு என்று அழைக்க வேண்டாம்.

ஆழியாறு போக விடுப்பு கிடைக்காது என்பீர்கள். கடைசி மணி அடித்த பிறகு, வண்டியை எடுக்கும் முன், காலி வகுப்பறையில் பத்து நிமிடம் போதும். நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: யார் மீது, எந்தப் பாடவேளையில், என்ன சொன்னேன், அதற்கு முன் எனக்கு என்ன நடந்திருந்தது. நான்காவது பத்தியை விட்டுவிடாதீர்கள். மதியச் சாப்பாடு தள்ளிப்போனதும், காலையில் வீட்டில் நடந்த பேச்சும், அலுவலகத்திலிருந்து வந்த தொலைபேசியும் அங்கேதான் வந்து உட்காரும். ஒரு மாதம் கழித்து ஒரே பாடவேளை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் மேசையில் ஆளுக்கு ஒரு தாள் இருக்கிறது. அடுத்த பத்து நிமிடம் நானும் பேசப்போவதில்லை. எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டாம். நாங்களும் வாங்கிக்கொள்ள மாட்டோம்.